வயிற்றுக்குள் ஒரு சைக்கிள் குண்டு

முரசுமோட்டையில் மயில்வாகனம் சைக்கிள் சில்லைக் கழற்றி, இரும்புக் குண்டுகளைத் துடைத்துச் சிரட்டையில் போட்டுவிட்டு, கிறீஸ் எடுக்கத் திரும்பினார். அவ்வளவுதான். நாலு வயது மகன் யதுர்ஷன் ஒரு குண்டை விழுங்கிவிட்டான். இனிப்பு என்று நினைத்தானாம்.

இரவல் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். குண்டு உருண்டை, கிழிக்காது. கட்டியான சாப்பாடு கொடுத்தால் அதோடு இறங்கிவிடும் என்றார் டொக்டர். அவன் பற்றைப் பக்கம் வெளிக்குப் போகும்போதெல்லாம் கிளறிப் பார்க்கச் சொன்னார். மூன்று நாளில் வராவிட்டால் எக்ஸ்ரே படம் பிடிக்க வவுனியாவுக்குப் போகவேண்டும். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது.

யதுர்ஷன் வாயை இறுக்கிக்கொண்டான். சாப்பிடவும் இல்லை, பற்றைப் பக்கம் போகவும் இல்லை. ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. அம்மா மீனம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து வயது அக்கா கஜேந்தினி அவனைத் தனியே கூப்பிட்டு ஏன் என்று கேட்டாள்.

"அது வரேக்கை நோகும்," என்றான் அவன்.

அவள் யோசித்தாள். பிறகு அவித்த சோளன் கொண்டு வந்தாள். சோளனின் தோல் செமிக்காமல் அப்படியே வெளியே வரும் என்பது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

"தம்பி, ரெண்டு பேரும் தின்னுவம். ஆருக்கு முதல் சோளன் வருதெண்டு பாப்பம்."

போட்டி என்றதும் அவன் வாய் திறந்துகொண்டது. சோளன் தின்ற நேரத்துக்கு அடையாளமாகக் குசினிச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள் கஜேந்தினி. பிறகு சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஒரு கோடு. அதற்கிடையில் அவன் பத்துத் தரம் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துவிட்டான்.

அடுத்த நாள் விடிய அவளுக்குச் சோளன் வந்துவிட்டது. தோற்றுவிட்டோம் என்று தெரிந்தால் தம்பி திரும்பவும் அடக்கிக்கொள்வான். அதனால் அம்மாவின் காதில் மட்டும் சொன்னாள்:

"எனக்கு ஒரு நாள் எடுத்ததம்மா. அவனுக்கும் இண்டைக்கு வரும்."

தம்பியிடம் தனக்கு இன்னும் வரவில்லை என்றாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பற்றைக்கு ஓடினான். பின்னால், கிளறிப் பார்க்க ஈர்க்கிலோடு அம்மா.

மஞ்சள் தோல்களுக்கு நடுவே குண்டு கிடந்தது. அம்மா அழுதாள், சிரித்தாள், அவனை அப்படியே தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள்.

தான் வென்ற கதையை யதுர்ஷன் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சொல்லி முடித்தான். பின்னேரம் அக்காவிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"உனக்கு வந்திட்டுதோ?"

"எங்கையடா. இன்னும் இல்லை."

அவன் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, முதுகைத் தடவிவிட்டான்.

"பயப்பிடாதை அக்கா. நோகாது."