தலைவளையம்

அச்சமானியின் முனை ஜெனிட்டாவின் கழுத்தைத் தொட்டதும் அரங்கப் பலகையில் பச்சை விழுந்தது.

"பச்சை. மேடைக்குப் போலாம்மா," என்றார் சோதனையாளர்.

எடை சரி, நகம் சரி, பல் காப்பும் சரி. ஆனால் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு முவாய் தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டைப் போட்டியில் கடைசித் தகுதி அச்சமானிதான். பயத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராத பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த கருவி. உள்ளே பயம் இருந்தால் சிவப்பு விழும், போட்டி ரத்து. கோழை என்று யாரும் ஏச முடியாது.

அந்தச் சிவப்பைத்தான் அவள் நம்பியிருந்தாள். போன வாரம், பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகு, கொரேரா மாஸ்டரிடம் மட்டும் சொன்னாள்.

"மாஸ்டர், அந்த சேலத்துப் பிள்ள மைதிலி முழங்கால் போடுதத வீடியோல பாத்தேன். சோறு எறங்க மாட்டேங்கு. மேடையிலயே செத்துருவனோன்னு இருக்கு. அம்மாட்ட சொல்லிராதிய."

"ஏட்டி, என்ட்ட சொல்லிட்டல்லா, விடு. மெஷின் செவப்பு காட்டிச்சின்னா நானே ஒன்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். மாதா மேல சத்தியம்."

இன்று சோதனைக்கு முன் புதுத் தலைவளையம் ஒன்றைக் கொண்டுவந்து அவரே அவள் தலையில் வைத்தார். குரு வணக்க ஆட்டம் முடியும்வரை அது தலையில் இருக்க வேண்டும். குருவைத் தவிர வேறு கை அதில் படக் கூடாது. சோதனையாளர்கூட விரல் படாமல்தான் சோதித்தார்.

வைத்ததும் காதுக்குப் பின்னால் இளஞ்சூடு. கடல் உள்வாங்கியதுபோலப் பயம் எங்கோ போய்விட்டது.

"மாஸ்டர், எனக்கே தைரியம் வந்துட்டு!"

"வரும்லா," என்றார் அவர், கைக்கட்டை இறுக்கியபடி.

மைதிலிக்கும் பச்சை. குழலோசைக்கு இருவரும் ஆடி, மண்டியிட்டு மும்முறை வணங்கினார்கள். பிறகு மாஸ்டர் மேடையேறி, கண்மூடி ஜெபித்து, அவள் தலைவளையத்தைக் கழற்றினார்.

கடல் திரும்பி வந்தது.

அவர் கையிலிருந்த வளையத்தின் உட்புறம், நூலோடு நூலாகச் செம்புக் கம்பி மின்னியது.

"மாஸ்டர்... அதுல என்ன வச்சிருக்கிய?"

"ஒண்ணுமில்லட்டி. கைய ஒசத்திப் பிடி." வளையம் அவர் பைக்குள் போனது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளிடம் கேட்க வேண்டியதைக் கருவி அந்த வளையத்திடம் கேட்டிருக்கிறது. சற்றுமுன் அவள் பூரித்துச் சொன்ன தைரியமும் அவளுடையதல்ல.

நடுவரிடம் ஓடினாள். "சார், எனக்குப் பயமா இருக்கு. நான் சண்ட போடல."

நடுவர் பலகையைப் பார்த்தார். "பச்சை பதிவாயிடுச்சேம்மா. அச்சமானி வந்தப்புறம் வாய்ச்சொல்லு செல்லாது. யாராச்சும் மிரட்டிச் சொல்ல வெச்சிருந்தா?"

எதிர் மூலையில் இன்னொரு பயிற்சியாளரும் ஒரு வளையத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மைதிலி. பல் காப்பை மீறித் தாடை நடுங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மணிக்காரரின் கை உயர்ந்தது.

ஜெனிட்டா சட்டென்று மண்டியிட்டாள். கைகூப்பி, குரு வணக்கத்தை முதலிலிருந்து தொடங்கினாள். உயர்ந்த கை அப்படியே நின்றது. வணக்கம் நடக்கும்போது மணி அடிக்கக் கூடாது. எத்தனை முறை வணங்கலாம் என்று விதியில் யாரும் எழுதி வைக்கவில்லை. எதிரே மைதிலியும் மண்டியிட்டாள். குழல்காரர் திகைத்து, மறுபடி ஊத ஆரம்பித்தார்.

"என்னா குருபக்தி பாத்தியாலே!" அரங்கம் எழுந்து கைதட்டியது.

கொரேரா மாஸ்டரும் ஊர் பார்க்கக் கைகூப்பி, சிரித்த முகத்தோடு தன் மூலையில் நின்றார். நான்கு மூலைக்கும் சென்று கயிற்றைத் தொட்டு வணங்கினால்தான் வணக்கம் முடியும் என்பது முறை. ஜெனிட்டா ஒன்றை வணங்கினாள், அடுத்ததை வணங்கினாள், மைதிலியின் மூலையையும் வணங்கினாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

அவர் மூலைக்கு மட்டும் அவள் போகவே இல்லை.