மூன்றாம் பெட்டி மட்டும் ஏன் இப்படி?

இன்றைக்கு அம்மாவின் தலைமுடி தப்பாது என்று சிட்டுவுக்குத் தெரிந்துவிட்டது. கணினியைப் பார்ப்பதும் தலையைப் பிய்த்துக்கொள்வதுமாக இருந்தார்.

அம்மாவின் வேலை மண்ணை அளப்பது. மண்ணில் இருக்கும் நைட்ரஜன் சும்மா கிடக்காது. செடிக்குள் போகும், இலை உதிர்ந்தால் மண்ணுக்கே திரும்பும், கொஞ்சம் வாயுவாகிக் காற்றோடு கிளம்பிவிடும். எவ்வளவு கிளம்புகிறது என்று பார்க்க, ஆய்வுக்கூட வயலில் அங்கங்கே பெட்டிகளைக் கவிழ்த்துவைப்பார். உள்ளே சேரும் காற்றைச் சிரிஞ்சில் இழுத்து அளப்பார். எவ்வளவு வரவேண்டும் என்று கணினியும் முன்கூட்டியே ஒரு கணக்குச் சொல்லும்.

மற்ற பெட்டிகள் எல்லாம் கணக்குப்படி நடந்துகொண்டன. மூன்றாம் பெட்டிதான் அடங்காப்பிடாரி. அதில் மட்டும் வாயு எக்கச்சக்கமாக வந்தது.

"நான் அளந்ததுல ஏதோ தப்பு. இந்த எண்ண அழிச்சிடறேன்" என்றார் அம்மா.

காரணம் சிட்டுவுக்குத் தெரியும். பள்ளி விட்டதும் அவள் இந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் வருவாள். காவலாளி மாமாவின் நாய் கறுப்பன், வேலி ஓட்டையில் நுழைந்து, மூன்றாம் பெட்டி வைக்கும் இடத்தில் காலைத் தூக்குவதைத் தினமும் பார்க்கிறாள்.

சொன்னால் கறுப்பன் காலி. "வயலுக்குள்ள நாய் வந்தா, அப்புறம் அது இங்க இருக்காது" என்று ஆய்வுக்கூட இயக்குநர் போன வாரம்தான் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலோ, பாவம், தப்பே செய்யாத ஒரு எண் அழிந்துபோகும்.

அம்மாவின் விரல் பொத்தானுக்குப் போனது.

"அழிக்காதம்மா" என்றாள் சிட்டு. மென்று விழுங்கி, கடைசியில் சொல்லியும்விட்டாள். "கறுப்பன் அங்க ஒண்ணுக்குப் போறான்."

அம்மா திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை.

"சிறுநீர்ல நைட்ரஜன் நிறைய இருக்கே. ஆடு மாடு மேயற நிலத்துலயும் இதானே நடக்கும்? என் கணக்குல ஒரு மிருகம்கூட இல்லியே" என்றார்.

"அப்போ கறுப்பன விரட்டிடுவாங்களா?" சிட்டுவுக்கு அழுகை முட்டியது.

"உள்ள வந்தான்னா சார் விடமாட்டார்டி. மத்த இடமும் கெட்டுடும்ல?"

சிட்டு யோசித்தாள். நாய் தன் வாசனை இருக்கும் இடத்தைத்தானே தேடிப் போகும்?

அவள் சொன்னபடி அன்றே மாமா வேலி ஓட்டையை அடைத்தார். வெளியே ஒரு கட்டையை நட்டார். மூன்றாம் பெட்டி இருந்த இடத்து மண்ணில் ஒரு கூடை அள்ளி, சிட்டு கட்டையின் அடியில் கொட்டினாள்.

கறுப்பன் வந்தான். மோந்து பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்து, பெரிய மனுஷன்போல வெகுநேரம் யோசித்தான். பிறகு காலைத் தூக்கினான்.

"அப்பாடா" என்றார் மாமா.

மிருகத்தையும் கணக்கில் சேர்க்க, மறுநாள் அம்மா அங்கேயும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துவைத்திருந்தார். இயக்குநர் வந்து, "வேலிக்கு வெளியில எதுக்கும்மா பெட்டி?" என்று கேட்டார்.

அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். புதிய எண்களையும் காட்டினார். இயக்குநர் எண்களைப் பார்த்தார், சிட்டுவைப் பார்த்தார், கறுப்பனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ இவன எங்கயும் அனுப்ப முடியாது. ஆராய்ச்சியே நின்னுபோயிடும்" என்றார்.

கறுப்பன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்குக் கட்டைப் பக்கம் வேலை இருந்தது.