நிறுத்த மறந்த வீடியோக்கள்

அம்மாவின் மடிக்கணினியை வாங்கிப் போக அலுவலகத்திலிருந்து ஆள் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. அம்மா இறந்து இரண்டு மாதம் வரை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். அது அலுவலகத்தின் பொருள்தான்.

ஆனால் அதற்குள் முப்பத்தொரு வீடியோக்கள் இருந்தன. எல்லாம் அம்மா தன் சின்ன கேமராவில் எடுத்து, இதில் ஏற்றிவிட்டு, கேமராவிலிருந்து அழித்துவிட்டவை.

"கொண்டு போனதும் உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிடுவாங்களாம்," என்றார் அப்பா. அவர் ஒரு பட்டறையில் வெல்டர். இரும்போடு மல்லுக்கட்டுவார், கம்ப்யூட்டர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார்.

வீட்டில் ஒரு டிவியும் அதன் கீழே பழைய டிவிடி பிளேயரும் இருந்தன. வெள்ளிக்கிழமை அப்பா வெற்று டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். மகள் அதில் சில வீடியோக்களைக் காப்பி செய்தாள். அவளுக்குப் பத்து வயது. எது சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

பிளேயர் டிஸ்க்கை விழுங்கியது, கரகரவென்று சுற்றியது, வெளியே துப்பியது. மூன்று தடவையும் அப்படியே.

"அதுக்குப் பிடிக்கலை," என்றான் ஐந்து வயதுத் தம்பி பொடியன். "நானும் மருந்தை இப்படித்தான் துப்புவேன்."

"பெருமையைப் பாரு," என்றாள் வக்கீல்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அவளும் அப்பாவும் தெருமுனை டிஸ்க் கடைக்குப் போனார்கள். ஒரே அறை, மூன்று கம்ப்யூட்டர்கள், முனகும் மின்விசிறி. கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார்.

"சும்மா காப்பி பண்ணினா ஓடாதும்மா. இது பழைய பிளேயர். அதுக்குத் தெரிஞ்ச மாதிரி மாத்தித்தான் டிஸ்க்ல எழுதணும்," என்றார். எல்லாவற்றையும் வேகமாக ஓட்டிப் பார்த்தார். "மொத்தம் ரெண்டே முக்கால் மணி நேரம் வருது. ஒரு டிஸ்க்ல ரெண்டு மணி நேரம்தான் நல்லா இருக்கும். ஆனா சார், ஒவ்வொண்ணோட கடைசியிலயும் வெறும் தரைதான் தெரியுது. நிறுத்த மறந்திருக்காங்க. அதை வெட்டிட்டா ஒரே டிஸ்க்ல அடங்கிடும்."

அப்பா சுவரைப் பார்த்தார். "வெட்டிடுங்க."

மதியம் ஒரு மணிக்கு டிஸ்க் தயாரானது. "கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும். வீட்ல ஓடுதான்னு பார்த்துட்டு வாங்க," என்றார் கடைக்காரர்.

ஓடியது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் வக்கீல் கடைசியாக வந்தாள். பொடியன் தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து சோப்பைக் கடித்தான். அப்பா குழாயைச் சரிசெய்யப் போய்த் தொப்பலாக நனைந்தார்.

"அம்மா எங்க?" என்றான் பொடியன்.

"அம்மாதான் எடுக்குறாங்க," என்றாள் வக்கீல்.

"சரி, எங்க?"

அடுத்த வீடியோவிலும் கேட்டான். அதற்கடுத்ததிலும். பிறகு எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அப்பா சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினார்.

வக்கீல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீடியோவில்கூட அம்மாவின் குரல் இல்லை. எடுக்கும்போது அம்மா பேச மாட்டாள். தன் சத்தம் பதிவாகிவிடுமே என்று மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். எடுத்து முடித்துக் கையை இறக்கியதும்தான் அத்தனை பேச்சும் வரும்.

கையை இறக்கியதும். தரை தெரியும்போது.

"அப்பா, நான் கடைக்குப் போறேன்," என்று செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"அண்ணா, வெட்டினது எல்லாம் எங்க?"

"அது குப்பைம்மா."

"அதுதான் வேணும்."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றை ஓடவிட்டார். ஒரு நிமிடம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார்.

"நான் சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டுப் பார்த்தேன்," என்றார். "தப்புதான். முக்கால் மணி நேர வீடியோ. என் கம்ப்யூட்டர் எதுலயும் இடமில்லை, இதுலயே வெட்டி எடுத்து, மாத்தி, எழுதி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். இப்பவே மூணேகால்."

ஐந்து மணிக்கு அப்பா, பொடியன், அலுவலக ஆள் மூவரும் கடைக்கு வந்தார்கள். திரையில் 93 சதவீதம் என்று இருந்தது. அலுவலக ஆள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு சார். குடுத்துடுங்க."

அப்பா தயங்கித் தயங்கி மடிக்கணினி பக்கம் கையை நீட்டினார். வக்கீல் குறுக்கே வந்து நின்றாள்.

"கம்ப்யூட்டர் உங்களோடது அங்கிள். அதுக்குள்ள இருக்கற குரல் எங்கம்மாவோடது. அது வெளிய வர்ற வரைக்கும் கொஞ்சம் உட்காருங்க."

அலுவலக ஆள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அப்படியே உங்கம்மா பேச்சு," என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார்கள். தரை தெரிந்தது, அதுவும் சாய்ந்து. கேமரா அம்மாவின் மணிக்கட்டில் தொங்கி ஆடியது. பிறகு இரண்டு கால்கள். வலது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

"வக்கீலு, கடைசியா வந்தா என்ன, வந்துட்டேல்ல. தண்ணி குடி."

வக்கீல் முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, இனிமே அந்தக் குழாய் பக்கம் போனீங்க, அவ்வளவுதான். முதல்ல தலையைத் துவட்டுங்க."

அப்பா தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நடந்தாள். தரை கூடவே நடந்தது. பிறகு, "ஐயையோ, இது இன்னும் ஓடிட்டு இருக்கா?" என்றது குரல். திரை கறுத்தது. அடுத்த தரை வந்தது.

பொடியன் எழுந்து வாசலுக்குப் போனான். இரண்டு மாதமாக யாரும் நகர்த்தாத அம்மாவின் செருப்பு அங்கே கிடந்தது. வலது செருப்பைத் தூக்கி வந்து, டிவியில் தெரிந்த செருப்புக்குப் பக்கத்தில் பிடித்தான். ஊக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"இதோ இங்கதான் அம்மா இருக்காங்க," என்று தீர்ப்புச் சொன்னான்.

வக்கீல் எதிர்வாதம் செய்யவில்லை.