நண்டுக்குழியில் யாரும் குடியிருக்கவில்லை

‘நண்டுக்குழியில் மனிதர் வாழ்ந்திருக்கும் வாய்ப்பு: நூற்றுக்கு மூன்று’ என்று ‘இடைநிரப்பி’ப் பொறி எழுதிக் கொடுத்ததும் பிலோமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள் அவள். துறைமுகத்துக்காக ஊரை இடித்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்று வரலாற்று ஆய்வாளர். ஊர் இருந்ததென்று அவள் நிறுவினால்தான் சனங்களுக்கு மாற்றுமனை கிடைக்கும்.

பெருவெள்ளம் மாவட்ட ஆவணக் காப்பகத்தை வாரிக்கொண்டு போனபின் வந்த பொறி அது. எஞ்சிய தாள்களைப் படித்து, தொலைந்தவற்றைக் கணித்து எழுதும். ஊர்களைப் பற்றி எஞ்சியவை பெரும்பாலும் போலீஸ் புகார்களும் நீதிமன்ற வழக்குகளும்தான். அது எழுதியது மூலத்துக்குச் சமம் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். மறுக்க வேண்டுமானால் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். பலன் பெறுகிறவனின் சாட்சி செல்லாது.

நண்டுக்குழியார் சண்டை வந்தால் கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். போலீஸ் படியேறுவது ஊருக்கே அவமானம். வழக்கில்லை, புகாரில்லை, ஆகவே ஆளில்லை என்றது பொறி. வெட்டிக்கொண்டு செத்த ஊருக்கெல்லாம் சரித்திரம் உண்டாம், ஒழுங்காக வாழ்ந்தவனுக்குக் கிடையாதாம். நாசமாய்ப் போக!

காப்பக இயக்குநர் வைகுந்தநாதனிடம் போய் நின்றாள். அன்று வட்டாட்சியராக வந்து ஊரை இடிக்கச் சொன்னவரே அவர்தான்.

“நீங்கதான சார் நின்னு இடிச்சிய?”

“அதுக்குத் தாள் இருக்காம்மா?” என்றார் சாவதானமாக.

எப்படி இருக்கும்? அரசாணையே இல்லாமல் இடித்த மனிதர். பின்னால் வம்பு வரக்கூடாதென்று பணிக்காலம் முழுக்க எல்லா உத்தரவையும் வாயாலேயே போட்டவர்.

மறுவருடம் அவர் ஓய்வு பெற்றார். வெள்ளத்தில் போன அலுவலர் பணிப்பதிவேடுகளை இடைநிரப்பி எழுதத் தொடங்கியிருந்தது. எந்தக் கோப்பிலும் அவர் கையெழுத்து அகப்படவில்லை. அப்படியொரு அலுவலர் இருந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று அது முடித்துவிட்டது. ஓய்வூதியம் நின்றது, வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். கூட வேலைபார்த்தவர்கள் தங்கள் பெயரும் போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

பிலோமியைத் தேடி வந்தார். தான் வேலைபார்த்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாளே, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார்.

“எழுதுதேன் சார். அன்னைக்கு எந்த ஊர்ல என்ன வேல பாத்தியன்னு முதல்ல நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

வைகுந்தநாதன் ஓரடி பின்வாங்கினார். “அதை எழுதினா ஜெயிலுக்குல்லம்மா போவேன்?”

“போங்க. அங்கயாவது உங்க பேரைப் பதிஞ்சு வைப்பாங்க” என்றாள் பிலோமி.