நிறுத்திய மூச்சு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேன் சென்டரைக் காலை ஆறரைக்கெல்லாம் திறந்துவிடுவாள் பூர்ணிமா. அவ்வளவு சீக்கிரம் யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு ஆளுக்குக் காபி போடப் பிடிக்காமல் கிளம்பி வந்துவிடுவாள்.

போன வாரம்தான் புது எக்ஸ்ரே மெஷின் வந்தது. நொடிக்குப் பதினைந்து படம். மூச்சு இழுக்க நுரையீரல் விரிவதையும், விடும்போது சுருங்குவதையும் சினிமா மாதிரி ஓட்டிக் காட்டும். பீங்கான் வேலையில் மண் தூசு ஏறிய நெஞ்சுகளுக்காகவே வாங்கியது. இனி யாரையும் மூச்சை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதி.

பழைய மெஷினில், போன ஆடியில், பீங்கான் வேலை பார்த்த புருஷன் ராஜவேலுக்கு அவளேதான் படம் எடுத்தாள். "மூச்ச இழுங்க... நிறுத்துங்க" என்று மைக்கில் சொன்னாள். பட்டனை அழுத்தியதும் வெளியே போன் அடிக்க, எடுக்கப் போனாள். "வுடுங்க" என்று சொல்ல மறந்தே போனாள். திரும்பி வந்தபோது மனுஷர் முகம் கறுத்து நின்றுகொண்டிருந்தார்.

"நீ சொன்னாதான வுடணும்?" என்று இருமலுக்கு நடுவில் சிரித்தார்.

பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். தூசுதான் காரணம் என்றார் டாக்டர். அவள் மனசு அதை இன்றுவரை நம்பவில்லை.

தினமும் ஆட்கள் வருவதற்கு முன்னால், வெறும் அறையில் மெஷினை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். திரையில் வெற்றுச் சாம்பல் நிறம்தான் வர வேண்டும்.

ஒரு நெஞ்சு வந்தது.

கண்ணாடி வழியே பார்த்தாள். நெஞ்சை ஒட்டி நிற்கும் எக்ஸ்ரே பலகை முன்னால் யாருமில்லை.

இடது பக்கம் ஆறாவது விலா கோணலாக ஒட்டியிருந்தது. மங்கலம்பேட்டை ரோட்டில் வண்டியோடு விழுந்து ராஜவேல் முறித்துக்கொண்ட எலும்பு. நுரையீரல் இரண்டும் விரிந்தபடியே நின்றன. இதயம் மட்டும் துடித்தது.

மூச்சு ஓடவில்லை.

ஒரு வருஷமாக.

ஒரு சொல் சொன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கும் வருவார். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆசைப்பட்டது பாழும் மனசு. திரையில் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை.

மைக்கை அழுத்தினாள். "மறந்துட்டேங்க... வுடுங்க. வுட்டுடுங்க."

விலாக்கள் மெல்லத் தாழ்ந்தன.

அந்த மூச்சு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. அவள் பின்கழுத்தில் பட்டது. ஈர வெள்ளை மண் வாசனை அடித்தது.

அவளுக்குப் பின்னால் சுவர்தான்.

"போயிட்டு வரேன்னாவது சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள். திரை சாம்பலாயிற்று. பட்டனிலிருந்து கையை எடுத்து, மெஷினை அணைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அணைத்த மெஷினின் திரையில் அந்த நெஞ்சு திரும்பவும் தெரிந்தது. நிதானமாக ஒரு மூச்சை இழுத்தது. நிறுத்திக்கொண்டது.