நூற்றுக்கு முப்பது

அடுப்பை அணைத்த பிறகும் சமையலறையில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. பிரெஞ்சு நகரத் தெருவான ரூ பெர்தொனேயில் குளிர்கால மாலை. கீழ்க்கடையில் வடை பொரியும் வாசனை படியேறி வர, அந்த முனகல் மட்டும் சுவர்க் குழாயின் வழியே தாழ்ந்தும் உயர்ந்தும், மூச்சுவிட இடம் தேடுவதுபோல் நகர்ந்து வந்தது. நிரஞ்சனாவுக்கு அந்த ஒலி தெரியும். ஆய்வுக்கூடத்தில், வாயுச் சுழலியின் எரிகலனில் சுடர் தடுமாறும்போது அப்படித்தான் முனகும்.

ஐந்து மணிக்கு, அங்கே அவளோடு வேலை செய்யும் சேந்தனின் சோதனை. நன்றாக நடந்தால் நிரந்தர வேலை அவனுக்கு. ஆறு வருடம் காத்திருந்த அவளுக்கு இல்லை.

காலையில் அவள் கையெழுத்துக்காக எரிபொருள் கலவைத் தாளோடு வந்து நின்றான்.

"அக்கா, ஒருக்கா பார்த்துச் சின்யத்தூர் போட்டுவிடுங்கோ. நீங்கள் பார்த்தால் எனக்குப் பயமில்லை."

"அவ்ளோ நம்பிக்கையா?"

"ஓம். போனமுறை என்ர பிழையை நீங்கள்தானே பிடிச்சனீங்கள். இல்லாட்டி மீசை கருகியிருக்கும்."

சிரித்தான். குழுத்தலைவி ஜெனவியேவ் கூட்டங்களில் தேடுவது அந்தச் சிரிப்பைத்தான். நிரஞ்சனாவுக்கு வயிறு எரிந்தது.

இயற்கை வாயுவோடு ஹைட்ரஜன் நூற்றுக்கு முப்பது. ஆனால் கனஅளவுக்கான எண்ணை எடைக்கான கட்டத்தில் எழுதியிருந்தான். ஹைட்ரஜன் மிக லேசானது. எடையில் முப்பது என்றால் கலவையின் கனஅளவில் முக்கால் பங்குக்கு மேல் அதுவே நிறைந்துவிடும். அவ்வளவு வேகமான சுடர் எரிகலனில் நிற்காது. எதிரே வரும் வாயுவைக் கிழித்துக்கொண்டு குழாய்க்குள் திரும்பி ஓடும்; அருகில் நிற்பவன் தப்பமாட்டான்.

பார்த்தாள். ஒரு சொல் போதும். சொல்லாமல் கையெழுத்திட்டாள். தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நாலு ஐம்பது. கைப்பேசியை எடுத்தாள். வைத்தாள். சாமி படத்தின் முன் கைகூப்பினாள், வாய் வரவில்லை. தன் கையால் ஆகிற உதவியைக் கடவுளிடம் எப்படிக் கேட்பது?

நாலு ஐம்பத்தெட்டு. சேந்தனை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சோதனை அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அது அவளுக்கு முன்பே தெரியும்.

ஐந்து.

முனகல் நின்றது.

கதவு தட்டும் சத்தம்.

"அக்கா, நான்தான். தலையிடி எப்படி?"

அவன் சோதனைக்குப் போகவில்லை! அழுதுகொண்டே ஓடித் திறந்தாள். சேந்தன். கையில் அவளுக்கான சாப்பாட்டுப் பொட்டலம். அதே சிரிப்பு.

"சோதனை... தள்ளி வெச்சுட்டாங்களா?"

"இல்லை அக்கா. இப்பதான் முடிஞ்சுது."

ஆய்வுக்கூடம் ஒரு மணி நேரத் தொலைவு.

"உங்களுக்கு நன்றி சொல்ல வந்தனான்."

சொல்லிவிட்டு வாயை மூடவில்லை. நாக்குக்குப் பின்னால் நீலச் சுடர். உள்நோக்கி. இறங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள்ளே, அந்த வெளிச்சத்தில், மேலிருந்து கீழாக, அவன் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.