இரண்டாம் அடியில் ஒரு நிறுத்தம்

"எம் பாட்டை நானே திருடிட்டேன்னு ஊரே பேசுது சார்" என்றாள் கலைச்செல்வி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சிங்கவரத்திலிருந்து கணவன் அன்புச்செல்வனோடு செஞ்சிக்கு வந்து, ஓய்வுபெற்ற ஏட்டு பீமாராவின் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் விமல்ராஜ். வழக்கு என்று காதில் விழுந்தால் சவாரியை மறந்துவிடுகிற மனிதர்.

விஷயம் இதுதான். கலைச்செல்வியும் ரஞ்சித்தும் ஏழு வருடமாகத் திருவிழா மேடைகளில் ஜோடியாகப் பாடுகிறவர்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கேலி பேசும் மல்லாட்டைப் பாட்டு ஒன்றை அவளே கட்டினாள். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லாதவன் செஞ்சிக்காரனே இல்லை. அது மேடையேறும் முன்பே ரஞ்சித் விலகிப்போய், ஜெயசுதா என்ற புதுப் பெண்ணோடு அதையே பாடி வெளியிட்டுவிட்டான். யூடியூபில் நாற்பது லட்சம் பேர் பார்த்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டை மேடையில், "ஜெயசுதா பாட்டைப் பாடாதே" என்று கலைச்செல்விக்கே விழாக்காரர்கள் தடை போட்டுவிட்டார்கள். என்ன அக்கிரமம் பாருங்கள்!

"ரஞ்சித் இன்னா சொல்றான்?" என்றார் பீமாராவ்.

"சீயமங்கலத்துல அவங்கம்மா பாடுன பழைய பாட்டாம். புளுகறான் சார். அவனுக்கு ஆம்பளை அடி மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன். எம் அடி அவனுக்குத் தெரியவே தெரியாது."

"முழுசா எங்கெங்கம்மா பாடின?"

"ரெண்டே எடம். வளர்மதியக்கா களத்துல, கூலிக்கு விதை மல்லாட்டை ஒடைக்கறப்போ. மறுநாள் எங்க வூட்டுல, எங்க விதையை ஒடைக்கறப்போ. அன்னிக்கு இவரு, 'நல்லா இருக்குது, இன்னொரு தபா பாடு'ன்னாரு. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல அதான் மொதோ தடவை." அழுத முகத்திலும் கொஞ்சம் வெட்கம் வந்து போனது.

விமல்ராஜ் துள்ளி எழுந்தார். "வளர்மதி களந்தான் சார்! பத்துப் பொம்பளைங்க, பத்து செல்போனு! எவளோ ஒருத்தி புடிச்சுக் குடுத்துட்டா!"

"உக்காருப்பா" என்ற பீமாராவ், போனில் அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டார். பெண் குரல் இரண்டாம் அடியின் நடுவில் சட்டென்று நின்று, ஒரு தாளம் விட்டுத் தொடர்ந்தது. அந்த நிறுத்தத்துக்குத்தான் ஊரே மயங்கிக் கிடந்தது.

"இங்க நீ நிறுத்துவியா?"

"மாட்டேன் சார். ஒரே மூச்சுல இழுக்கணும். அந்தப் பொண்ணு ஏன் நிறுத்துதோ!"

"வளர்மதி களத்துல எதுக்குப் பாடுவீங்க?"

"அக்காதான் பாடச் சொல்லும். பாடற வாயில மல்லாட்டை போட முடியாதில்ல? குரல் நின்னா, 'எவடி அவ திங்கறது'ன்னு கத்தும்."

"உங்க வூட்டுல?"

"எங்க மல்லாட்டை, யாரு கேக்கறது? பாடிக்கினே ஒண்ணு ரெண்டு வாயில..." கலைச்செல்வியின் பேச்சு அப்படியே நின்றது.

பீமாராவ் மெதுவாகச் சொன்னார்: "ஜெயசுதா பாவம், கேட்டதை அப்படியே பாடியிருக்குது. நீ மல்லாட்டை வாயில போட்ட எடத்தையும் சேத்து. களத்துல நீ நிறுத்தியிருக்க முடியாது. இது உங்க வூட்டுல புடிச்ச பாட்டும்மா. அன்னிக்கு உங்கூட வூட்டுல யாரு இருந்தாங்க?"

விமல்ராஜ் வாயைப் பிளந்தார். அன்புச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான்.

"காசு வாங்கல கலை, சத்தியமா. அவனை நீ மாமான்னு மேடையில பாடறப்போ டீக்கடையில சிரிக்கறானுங்க. தாங்க முடியல. பாட்டை எடுத்துக்கோ, எம் பொண்டாட்டிகூடப் பாடறதை வுட்டுடுன்னு ரஞ்சித்துகிட்ட குடுத்துட்டேன்."

அவள் கத்தவில்லை. அவன் பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்குதுன்னியே. அது பாட்டுக்கா, ரெக்கார்டு போடறதுக்கா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாவி, அதற்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"அந்த ரெக்கார்டு இருக்குதா?" என்றார் பீமாராவ். அன்புச்செல்வன் போனில் இருந்தது, தேதியோடு. ஜெயசுதா பாடியதற்கு இரண்டு மாதம் முன்பு.

கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஞாயித்துக்கெழமை நீயே மேடை ஏறி, இதைப் போட்டுக் காட்டி, குடுத்தது நான்தான்னு சொல்லணும். அப்புறம் நான் பாடுவேன்."

"சொல்றேன் கலை. அதுக்கப்புறம் எம்மேல கோவம் இல்லியே?"

"ஊரு ஊரா பாடுவேன்" என்றாள் அவள். "வூட்டுல பாட மாட்டேன்."